சமவெளிக்காரன் விற்ற மலை ஷூ

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் என் சட்டைப்பையின் மேல் "மலைப்பாதைக் காலணி நிபுணர்" என்ற பேட்ஜைக் குத்திக்கொண்டு திரிந்தேன். அந்த ஆறு வருடத்திலும் சரி, அதற்கு முந்தைய ஐம்பத்தொரு வருடத்திலும் சரி, நான் ஏறிய மிக உயரமான இடம் நம் கடை கோடவுனின் பரண்தான். ஏறும்போது ஏணியில் நானாகத்தான் ஏறினேன். இறங்கும்போது இரண்டு பேர் கீழே நின்று, என் காலை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தார்கள்.

பேட்ஜ் கம்பெனி கொடுத்தது. செல்போனில் பத்துக் கேள்வி அனுப்புவார்கள், ஏழு சரியாக இருந்தால் நிபுணர். நான் கேஷியர் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எட்டு வாங்கினேன். அந்த அம்மாவுக்கு யாரும் பேட்ஜ் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி மேனேஜர் கேட்டார். பெட்டியை எப்படித் திறப்பது, காகிதத்தை எப்படி உருவுவது, சைஸ் எங்கே போட்டிருக்கும் என்பதெல்லாம் மூன்று நாளில் கைக்கு வந்துவிடும். கைக்கு வராத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது கேள்வியை யாரிடம் கேட்பது என்பது அது.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெண் உட்காருவாள், கூட வந்த ஆண் நிற்பான். ஷூவைப் பெண்ணின் காலில் போடச் சொல்லிவிட்டு, "எப்படி இருக்கு சார்?" என்று ஆணிடம் கேட்போம். அவரும் கொஞ்சம் யோசிப்பார். தலையைச் சாய்த்து, தூரத்திலிருந்து ஒரு முறை பார்த்து, "கரெக்டா இருக்கு" என்பார். தன் காலில் இல்லாத ஷூ கரெக்டாக இருக்கிறது என்று அடித்துச் சொல்லும் ஆண்களை இந்தக் கடலூரில் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூடத் தயங்கியது கிடையாது.

எனக்கு இந்த வழக்கத்தைச் சொல்லித் தந்தவர் அந்தக் காலத்து சீனியர் ஒருவர். நெற்றியில் விபூதி, வாயில் வெற்றிலை, கையில் குதிகாலை ஷூவுக்குள் நுழைக்கும் ஷூ ஹார்ன். "பொம்பளைங்க காலத் தொடாத, மூஞ்சியப் பாக்காத" என்பார். பின்னே எங்கேதான் பார்ப்பது என்று கேட்டேன். "கூட வந்த ஆம்பள மூஞ்சியப் பாரு. அவரு வாட்சப் பாக்க ஆரம்பிச்சாருன்னா யாவாரம் முடிஞ்சிச்சின்னு அர்த்தம்." அவரிடம் இன்னும் இரண்டு மந்திரங்கள் இருந்தன. விரல் முட்டுகிறது என்றால், "போடப் போட இளகிடும்." லூசாக இருக்கிறது என்றால், "ரெண்டு நாள்ல காலுக்கு செட் ஆயிடும்." அதாவது நம் கடை ஷூ, சொல்லப்படும் குறைக்கு ஏற்றபடி விரியவும் செய்யும், சுருங்கவும் செய்யும். இந்த அதிசயத்தை எந்த விஞ்ஞானியும் ஏன் ஆராயவில்லை என்று நான் கவலைப்பட்டதே இல்லை. நம்பினேன், விற்றேன்.

கெடிலம் ஆற்றுப் பாலத்தில் ஏறினாலே மூச்சு வாங்கும் ஊரில் மலை ஓட்ட ஷூவை யார் வாங்குவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். காலையில் சில்வர் பீச்சில் நடக்கும் டாக்டர்களும் வக்கீல்களும் வாங்குவார்கள். பாறை, சரிவு, சேறு எல்லாவற்றுக்கும் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு சுண்டல்காரர் வரைக்கும் போய்த் திரும்புவார்கள். யாரும் குறை சொல்லி வந்ததில்லை. என் நிபுணத்துவம் ஆறு வருடம் அசையாமல் நின்றதற்கு இந்த ஊரின் தரைமட்டம்தான் காரணம்.

அந்த ஊருக்குள்தான் நிஜமாகவே மலை ஏறப் போகிற ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

பெயர் செல்வி. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அண்ணாமலை நகரில் உடற்கல்வி படித்துவிட்டு, சிதம்பரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தாள். வருடா வருடம் ஜூனில் சேர்த்து ஏப்ரலில் நிறுத்தும் வேலை அது. கூட வந்தது அவள் கணவன் முருகவேல். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் அவனுடையது. கரும்பை இறக்கிவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். வெளியே காலி டிரெய்லரோடு டிராக்டர் நின்றது.

"மலையில ஓடற ஷூ வேணும் சார், லேடீஸ்" என்றான் முருகவேல்.

நான் பேட்ஜை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "எந்த மலை?" என்றேன். ஏதோ எல்லா மலையும் எனக்குப் பழக்கம் போல.

விஷயம் இதுதான். மேற்கே மலைமேல் இருக்கும் ஓர் உறைவிடப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு டீச்சர் வேண்டுமாம். நிரந்தர வேலை, தங்க வீடும் உண்டு. பிள்ளைகளை மலைப்பாதையில் ஓடப் பழக்க வேண்டும் என்பதால், ஆள் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள். அடிவாரத்திலிருந்து கல்லும் வேருமாக இருக்கும் ஒற்றையடிப் பாதையில் உச்சிக்கு ஓடி, அதே பாதையில் மூன்று மணி நேரத்துக்குள் இறங்கி வர வேண்டும். வாய்ப்பு ஒரு முறைதான். சோதனைக்குப் பத்து நாள் இருந்தது.

அவள் படித்ததும் ஓடியதும் எல்லாம் சமதரை மைதானத்தில். ஆக, அங்கே மலை தெரியாதவர்கள் மூன்று பேர். அதில் ஒருவனிடம் பேட்ஜ் இருந்தது.

டிஸ்பிளேயில் பெண்களுக்கான மலை ஷூ இரண்டு மாடல் இருந்தது. இரண்டும் ரோஸ். பெண்களுக்கான ஷூ என்பதைக் கம்பெனிக்காரர்கள் எப்படிச் செய்வார்கள் என்றால், ஆண்கள் ஷூவைக் கொஞ்சம் ஒடுக்கி, ரோஸ் அடித்து, பக்கத்தில் ஒரு பூ வைப்பார்கள். வழுக்கும் பாறை அந்தப் பூவைப் பார்த்ததும் வழிவிடும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

செல்வி போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். டைல்ஸ் தரையில் நாலு அடி நடந்தாள்.

நான் முருகவேலிடம் கேட்டேன், "எப்படி சார் இருக்கு?"

"சூப்பரா இருக்கு சார். கலரும் எடுப்பா இருக்கு."

"வெரல் முட்டற மாரி இருக்கு மாமா" என்றாள் செல்வி.

"போடப் போட இளகிடும்மா" என்றேன். முப்பது வருடப் பழக்கம், வாயில் தானாக வரும்.

"எவ்ளோ நாள்ல சார்?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. "நாலு நாள்" என்று வைத்தேன்.

"அவரு எக்ஸ்பர்ட்டு புள்ள, பேட்ஜ் குத்தியிருக்காரு பாரு" என்றான் முருகவேல். அவள் என் பேட்ஜைப் பார்த்தாள். பிறகு ஷூவைப் பார்த்தாள். கடைசி லேஸ் துளைக்குப் பின்னால் தனியாக இன்னொரு துளை இருப்பதைத் தொட்டுக் காட்டி, "இந்த ஓட்ட எதுக்கு சார்? லேஸே கோக்கலயே" என்றாள்.

"காத்தோட்டத்துக்கு" என்றேன்.

யோசிக்காமல் சொன்ன பதில் என்று நினைக்காதீர்கள். அதை நான் வருடக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். புதிதாக வந்த மூன்று சேல்ஸ்மேன்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர்கள் வேறு கடைகளுக்குப் போய் அங்கேயும் பரப்பியிருப்பார்கள். இந்த மாவட்டம் முழுக்க அந்தத் துளை வழியாகத்தான் காற்று போய்க்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் டிராக்டர் மறுபடியும் கடை வாசலில் வந்து நின்றது. செல்வி கொஞ்சம் சாய்ந்தபடி நடந்து வந்தாள். கடையில் வாடிக்கையாளர் இல்லை, மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். வலது கால் பெருவிரல் நகம் நாவல்பழம் போலக் கறுத்திருந்தது.

"எங்கேம்மா ஓடின?"

"ஆத்துக் கரையில ஏறி ஏறி எறங்கனேன் சார். ஏறச்சொல்ல ஒண்ணும் தெரியல. எறங்கச்சொல்ல கால் பூரா முன்னாடி போயி முட்டுது. இந்தக் கரைக்கே இப்டின்னா, மலையில ஒரு மணி நேரம் எறங்கணும்."

"இளகலியா?" என்றேன். கேட்கக் கூடாத கேள்வி, ஆனால் கேட்டுவிட்டேன்.

"ஷூ எளகல. நெகந்தான் எளகிடிச்சி."

முருகவேல் என் பேட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலாம். ரிப்பேர் பண்ணிக் கொண்டுபோன வண்டி தெருமுனையில் நின்றுபோனால் மெக்கானிக்கை எப்படிப் பார்ப்போம், அப்படிப் பார்த்தான்.

"ஏப்ரல்ல இந்த ஸ்கூல்ல நிறுத்திடுவாங்க சார்" என்றாள் அவள். "இத வுட்டா திரும்பவும் ஒவ்வொரு ஸ்கூலா பயோடேட்டா தூக்கிக்கிணு அலையணும். நாலு வருஷமா அதத்தான் பண்றேன்."

சோதனைக்கு இன்னும் நாலே நாள். கடை விதி என்னவென்றால், சோல் மண்ணைத் தொட்டுவிட்டால் மாற்றித் தர முடியாது. விதியைச் சொல்லி அனுப்பிவிடலாம். அது சட்டப்படி சரிதான், தவறு என்று யாரும் என்னைச் சொல்ல மாட்டார்கள். இந்த இடத்தில்தான் தம்பிகளே, தங்கைகளே, அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டு, முப்பது வருடத்தில் முதல் முறையாகக் கேள்வியை உட்கார்ந்திருப்பவளிடம் கேட்டேன்.

"உனக்கு எப்படி இருக்கணும், சொல்லும்மா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறேனோ என்று நினைத்திருக்கலாம். பிறகு அடுக்க ஆரம்பித்தாள். "முன்னாடி ஒரு வெரல் அளவு எடம் வேணும். வெரலுங்க வெரிஞ்சி ஒக்காரணும், ஒண்ணுமேல ஒண்ணு ஏறக் கூடாது. எனக்கு எடது காலு கொஞ்சம் பெரிசு, அதுக்குத்தான் அளவு பாக்கணும். ஓடற சாக்ஸப் போட்டுக்கிட்டுப் பாக்கணும், உங்க கடை மெல்லிசு சாக்ஸ் வேணாம். கலரு எதுவா இருந்தாலும் பரவால்ல."

இத்தனையும் அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் "வெரல் முட்டுது" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.

கோடவுனில் பெண்கள் மலை ஷூ இன்னொரு மாடல் இருப்பது நினைவுக்கு வந்தது. முன்பக்கம் வாத்து மூக்கு மாதிரி அகலம், நிறம் காய்ந்த சாணி. யாரும் வாங்க மாட்டார்கள் என்று டிஸ்பிளேயில் வைக்காமல், நான்தான் அதைப் பரணில் போடச் சொன்னவன். இந்த முறை ஏணியில் நான் ஏறவில்லை. செல்வி ஏறி எடுத்து வந்தாள்.

முருகவேல் அதை வாங்கித் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "சார், இது டிராக்டர் டயரு!" பழைய ஷூவையும் திருப்பி இரண்டையும் பக்கத்தில் வைத்தான். "பாருங்க, இந்த ரோஸ்ல பட்டன், இந்த முட்டு முட்டா நிக்கறது, நெருக்கமா குட்டி குட்டியா இருக்குது. ஈரத்துல எறங்கினா நடுவுல சேறு அடைச்சிக்கும், அப்பறம் மொழுக்குன்னு ஆயிடும். வழுக்கும். இதுல எடவெளி இருக்கு, பட்டனும் ஒசரம். சேறு தானா உதிந்துடும். வயல்ல எறக்கற வண்டிக்கு இப்டித்தான் டயரு போடுவோம்."

"இத ஏன் மாமா அன்னிக்கே சொல்லல?" என்றாள் செல்வி.

"அன்னிக்கு யாரு அடியப் பாக்கச் சொன்னா? எப்டி இருக்குன்னு கேட்டாரு. நல்லா இருக்குன்னு சொன்னேன்."

டயரைப் பற்றித் தெரிந்தவனிடம் விரலைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், விரலுக்கு உரியவளிடம் எதையுமே கேட்கவில்லை. முப்பது வருடம்.

அடுத்த பிரச்சினை, எங்கே போட்டுப் பார்ப்பது. டைல்ஸ் தரையில் நாலு அடி நடந்ததன் லட்சணம் எதிரில் கறுத்து இருந்தது. சரிவு வேண்டும், கல் வேண்டும், ஈரமும் வேண்டும். நம் ஊரில் அதற்கு ஒரே ஓர் இடம்தான். தேவனாம்பட்டினத்துப் பக்கம் கடல் அரிப்புக்காகக் கொட்டி வைத்திருக்கும் கருங்கல் குவியல். ஆனால் அங்கே போய்ப் போட்டுப் பார்த்தால் இந்த ஜோடியும் விற்க முடியாத பழையதாகிவிடும். சரியில்லை என்றால் இரண்டு ஜோடிக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"வாங்க போலாம்" என்றேன்.

மேனேஜர் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பதால் டிராக்டரிலேயே ஏறிவிட்டோம். செல்வி ஒரு மட்கார்டில், நான் இன்னொரு மட்கார்டில், மடியில் ஷூ பெட்டி. வழியில் தெரிந்தவர் ஒருவர், "என்ன சார், டோர் டெலிவரியா?" என்று கத்தினார். நான் பேட்ஜைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

செல்வி கல் குவியலில் ஏறினாள். இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். மேலேயிருந்து, "வெரல் முட்டல சார், ஆனா எறங்கச்சொல்ல குதிகாலு தூக்குது. மேல தூக்கிட்டு முன்னாடி நழுவுது" என்றாள்.

எட்டிப் பார்க்கலாம் என்று நான் ஏறினேன். இங்கே ஒரு விவரம். சேல்ஸ்மேன் பளபளவென்று பாலிஷ் போட்ட, வழவழப்பான சோல் வைத்த ஷூதான் போட வேண்டும் என்பதும் கடை விதி. மூன்றாவது கல்லில் பாசி இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கல்லுக்கு நடுவில் இடுப்பு மாட்டிக்கொண்டது. அலை வந்து முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது.

"அசையாதீங்க சார்!" என்று செல்வி கத்தினாள். எனக்கு அசையும் உத்தேசமே இல்லை.

முருகவேல் கீழிருந்து ஓடி வந்தான். அவன் ரப்பர் செருப்பும் அந்தப் பாசியில் நிற்கவில்லை. அவளேதான் இறங்க வேண்டியிருந்தது. இரண்டடி எடுத்து வைத்தாள், குதிகால் நழுவியது, நின்றாள். குனிந்து லேஸை அவிழ்த்தாள். என்னை அந்த நிலையில் விட்டுவிட்டு லேஸ் கட்டுகிறாளே என்று எனக்கு எரிச்சல். இந்த ஷூவிலும் இருந்த அந்தக் காற்றோட்டத் துளையில் லேஸைக் கோத்து, இரண்டு பக்கமும் லேஸிலேயே ஒரு வளையம் விட்டு, நுனியை எதிர்ப்பக்கத்து வளையத்தில் நுழைத்து, கணுக்காலோடு இறுக்கினாள். பிறகு பக்கவாட்டில், சின்னச் சின்ன அடியாக, நேராக என்னிடம் இறங்கி வந்தாள். ஈரக் கல்லில் இரண்டு காலையும் ஊன்றி, என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். என் எடை எண்பத்தாறு கிலோ. ஷூ இம்மி நகரவில்லை.

என்னை மேலே உட்காரவைத்துவிட்டு, காலை ஆட்டிப் பார்த்தாள். "இப்ப குதிகாலு தூக்கல சார். அந்த ஓட்ட காத்துக்கு இல்ல. காலப் பின்னாடி இழுத்துப் புடிக்கறதுக்கு."

"சரிம்மா" என்றேன். அந்த நிலையில் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

கடைக்குத் திரும்பியபோது மேனேஜர் இருந்தார். என் கால்சட்டையிலிருந்து கடல் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பழைய ஜோடியைத் திருப்பி அனுப்புவதற்கான படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் குறையைக் குறிக்கக் கட்டங்கள் இருக்கும். தையல் விட்டது, பசை விட்டது, நிறம் போனது, சோல் உடைந்தது. விற்றவன் பேச்சு என்று கட்டம் இல்லை. "மற்றவை" என்பதில் டிக் போட்டு, "விற்பனையாளர் கால் பற்றி விசாரிக்கவில்லை" என்று எழுதினேன். கம்பெனியிலிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு மெயில் வந்தது. கூடவே பத்துக் கேள்வி.

மீதி மூன்று நாளில் நகத்துக்கு மருந்தும் பஞ்சும் வைத்துக்கொண்டு, அந்தச் சாணி நிற ஷூவில் நடந்து நடந்து அவள் காலைப் பழக்கினாள். எனக்குத் தினமும் போன் பண்ணி முருகவேல் சொல்லுவான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பில்லைப் பாதியில் விட்டுவிட்டு எடுத்தேன்.

"சார், எறங்கி வந்துட்டா! ஒம்போது நிமிஷம் பாக்கி. ரெண்டு பேரு பாதியிலயே ஒக்காந்துட்டாங்க. அவளுக்கு ஆர்டர் குடுத்துட்டாங்க, ஜூன்ல ஜாயின் பண்ணணும்."

"ரொம்ப சந்தோஷம். ஷூ எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்டேன். கவனியுங்கள், மறுபடியும் அவனிடம்தான் கேட்டேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "செல்விகிட்ட குடுங்க" என்றேன்.

"அவ கால கழுவிக்கிட்டு இருக்கா சார். நெகம் அப்டியே இருக்குது, போவல. இன்னோண்ணு சார், இங்க அறுவது பொம்பளப் புள்ளைங்க இருக்காங்க, எல்லாருக்கும் ஷூ வாங்கணும்னு பெரிய டீச்சர் இவகிட்ட கேட்டாங்களாம். கடலூர்ல நல்ல கடை ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருக்கா."

தம்பிகளே, தங்கைகளே, அந்த ஒரு நிமிடம் நான் நிஜமாகவே நிபுணனாக இருந்தேன். அறுபது பெண்களின் கால்கள். ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகக் கேட்பேன் என்று மனதுக்குள் சபதம் செய்துகொண்டேன். "எப்ப வேணும்னாலும் வரச் சொல்லுங்க. நானே கூட நின்னு பாத்துக் குடுக்கறேன்" என்றேன்.

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. செல்வி ஏதோ சொன்னாள். முருகவேல் சற்றுத் தயங்கினான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். "நீங்க எப்ப ரிட்டயர்டு ஆவறீங்கன்னு கேக்கச் சொல்றா. அதுக்கப்பறம் வந்து வாங்கிக்கறாங்களாம்."